"விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று யார் முடிவு செய்வது?

பிப்ரவரி 3 – வாசகர் ஒருவரின் கூற்று

நன்கு பழகியவர்களுக்குள் கேலிக்கு எல்லை கிடையாது. எல்லை பார்த்துப் பேச வேண்டியிருந்தால் அது வெறும் அறிமுகம், பழக்கம் அன்று. மனத்தில் நஞ்சு இல்லாமல் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொண்டால் குறை எடுத்துக்கொண்டவரிடம்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன், ஆனால் முழுவதையும் அன்று. பழக்கம் உரிமை தருகிறது என்ற முதற்பாதி சரி. அந்த உரிமையைத்தான் வள்ளுவர் 802ஆம் குறளில் 'கெழுதகைமை' என்கிறார். நட்புக்கு அதுவே உறுப்பு என்றும், நண்பர் உரிமையோடு செய்வதற்கு இனியவராக உடன்படுவது சான்றோர் கடன் என்றும் சொல்கிறார். நீங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். 995ஆம் குறளில் அவரே 'நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி' என்கிறார். சொன்னவர் மனத்தில் நஞ்சு இருந்ததா இல்லையா என்று அங்கே அவர் விசாரிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். விளையாட்டுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அப்போதும் வலிக்கும் என்கிறார்.

பிப்ரவரி 4

என் பக்கத்துச் சான்றைத் தருகிறேன். வாரந்தோறும் கூடிச் சதுரங்கம் ஆடும் சிறு குழுவில் நானும் ஒருவன். அங்கே ஆட்டம் பாதி, வாய் பாதி. ஒரு நகர்வுக்குக் கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நண்பருக்குத் 'தியானானந்தர்' என்று பெயர். தோற்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப அலசி, தாம் வென்றிருக்க வேண்டியவர் என்று நிறுவுகிற இன்னொருவர் 'மருத்துவர்'. ஆட்டம் முடிந்தபின் செய்யும் அலசலைச் சதுரங்கக்காரர்கள் பிரேதப் பரிசோதனை என்று சொல்வதால் வந்த பட்டம் அது. எனக்கு வாய்த்தது 'உரையாசிரியர்'. ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு, எவரும் கேட்காமலே அதற்குப் பதவுரையும் பொழிப்புரையும் வழங்குகிறேன் என்பது குற்றச்சாட்டு. இந்த இழையை முழுவதும் படிக்கப்போகிறவர்கள் அதை மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் தியானானந்தர் பலகையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த மருத்துவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து குனிந்து, அவருடைய மூக்குக்குக் கீழே ஒரு விரலை நீட்டினார். 'ஒன்றுமில்லை, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன்' என்றார். தியானானந்தர் கண்ணை உயர்த்தவே இல்லை. 'உங்கள் ராணிக்கு இன்னும் எத்தனை மூச்சு மிச்சம் இருக்கிறது என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், குறுக்கே பேசாதீர்கள், கணக்குத் தவறிவிடும்' என்றார். சற்று நேரத்தில் ராணி போயிற்று. அன்றைய பரிசோதனை அறிக்கை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

பிறகு ஓர் இளைஞர் புதிதாக வந்து சேர்ந்தார். நல்ல ஆட்டக்காரர், நல்ல பிள்ளை. எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகி, ஒருநாள் துணிந்து, 'என்ன தியானானந்தரே, சமாதி நிலைக்குப் போய்விட்டீர்களா?' என்று கேட்டுவிட்டார். நாங்கள் சொல்வதைவிட அது மோசமான கேலி அன்று. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் மேலானதுதான். ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் கேலிக்காக ஒருபோதும் விரைந்திராத தியானானந்தர், அன்றைக்கு உடனே ஒரு காயை நகர்த்தினார்.

பிப்ரவரி 4, மாலை

கூற்றை எழுதியவர், 'நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்? பழகியவருக்கு உரிமை உண்டு, புதியவருக்கு இல்லை' என்று வெற்றிக் களிப்போடு கேட்கிறார். இல்லை. அந்த உரிமை எதனால் ஆனது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். நாளை எழுதுகிறேன், இப்போது அரைகுறையாகச் சொன்னால் மறுபடியும் களிப்பீர்கள்.

பிப்ரவரி 5

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் கேலி உறவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கம் இடங்கொடுப்பதோடு, கேலிக்கு உள்ளானவர் சினங்கொள்ளக் கூடாது என்றும் வழக்கமே கட்டாயப்படுத்துகிற உறவுகள் அவை. அவற்றை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வது ஒன்று, ஒருவர் செய்ய, மற்றவர் திருப்பித் தராமல் அல்லது சிறிதளவே திருப்பித் தந்து ஏற்றுக்கொள்வது இன்னொன்று. பழகியவர்களுக்குள் நடப்பதாக நாம் சொல்லிக்கொள்வது முதல் வகை. ஆனால் பல கூட்டங்களில் உண்மையில் நடந்துகொண்டிருப்பது இரண்டாம் வகை என்பது என் ஐயம். வாங்கிக்கொள்பவர் சிரித்துக்கொண்டே வாங்குவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

திருப்பித் தருகிற முறை அடுத்தவருக்கு இருக்கிறதா என்பதே என் அளவுகோல். இந்த எண்ணம் புதிதும் அன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. முதலில் நிற்கும் எள்ளலை விளக்கும்போது, அந்நூலுக்கு உரை எழுதிய பேராசிரியர் என்பவர், தான் பிறரை எள்ளி நகுவது, பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுவது என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார். எள்ளப்பட்டவனுடைய சிரிப்பும் அந்தக் கணக்கில் வருகிறது.

இளைஞர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கேலி வழுக்கி விழுந்தது அவர் புதியவர் என்பதனால் மட்டும் அன்று. அவரைத் திருப்பிக் கேலி செய்யத் தியானானந்தரிடம் எதுவும் இல்லை; இளைஞரைப் பற்றி எங்களுக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. எதிரிக்குக் காய்களே கொடுக்காமல் முதல் நகர்வைச் செய்துவிட்டார். இந்தச் சிக்கலை நாங்கள் பேசித் தீர்க்கவில்லை, மருத்துவர்தான் தீர்த்தார். அரசனுக்குச் செக் வைக்கும்போதெல்லாம் இளைஞர் அடுத்த அறைக்குக் கேட்கும்படி அறிவிப்பதைக் கவனித்து, 'அபாயச் சங்கு' என்று பட்டம் சூட்டினார். அதற்குப் பின் அவர் தியானானந்தரை என்ன சொன்னாலும் எல்லோரும் சிரித்தோம், ஏனென்றால் பதிலுக்கு என்ன வரும் என்று காத்திருக்கும் சுவையும் அதில் சேர்ந்துகொண்டது.

பிப்ரவரி 6

'இனி உங்களை உரையாசிரியர் என்று அழைக்கலாமா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அழைக்கலாம். உங்களுடைய பட்டம் என்ன என்பதை முதலில் அறிவித்துவிடுங்கள்.

பிப்ரவரி 9

அளவுகோலைச் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் அது போதாது என்று பட்டது. திருப்பித் தரும் முறை முழுமையாக இருந்தும் கேலி கெட்டுப்போன நிகழ்ச்சி ஒன்று எங்கள் குழுவிலேயே உண்டு.

தியானானந்தருக்கு அண்மைக் காலமாகக் கையில் சிறு நடுக்கம். ஒருநாள் குதிரையை எடுக்கும்போது அவர் விரல் பக்கத்துச் சிப்பாயின் தலையில் பட்டு, அது சாய்ந்து, உருண்டு, பலகையின் விளிம்பில் நின்றது. அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நெருங்கிய நண்பர், பல ஆண்டுப் பழக்கம், சிறிதும் யோசிக்காமல், 'தியானம் கைக்கும் ஏறிவிட்டது போலிருக்கிறதே' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தியானானந்தரும் சிரித்தார். உடனே ஒரு பதிலும் சொன்னார், நல்ல பதில்தான். நம் முதல் வாசகரின் கணக்குப்படி எல்லாம் சரியாக நடந்து முடிந்தது: பழக்கம் இருந்தது, நஞ்சு இல்லை, சிரிப்பும் வந்தது.

அதற்குப் பின் அன்று முழுவதும் அவர் ஒவ்வொரு காயை எடுக்கும்போதும் இடக்கையால் வலக்கை மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டே எடுத்தார். வேறு யாராவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

மெதுவாக ஆடுவது அவர் தாமே விரும்பி மேற்கொண்ட வழி; கொஞ்சம் பெருமையும் அதில் உண்டு. தியானானந்தர் என்று அழைக்கும்போது அவர் தாமே கடைவிரித்து வைத்ததைத்தான் நாம் தொடுகிறோம். நடுக்கத்தை அவர் கடைவிரிக்கவில்லை. அது தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார் என்பது மணிக்கட்டைத் தாங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

பிப்ரவரி 10

'நண்பருடைய மனம் நல்லது என்று அவருக்குத் தெரியுமே, பிறகென்ன?' என்று கேட்கிறார்கள். உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் உடனிருந்த ஆய்வாளர்களும் கேலியின் நோக்கத்தை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே கேலியைச் செய்தவர் மதிப்பிடுவதும் வாங்கியவர் மதிப்பிடுவதும் ஒன்றாக இருப்பதில்லை. செய்தவருக்கு அது பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் மென்மையானதாகவே தோன்றுகிறது. செய்தவருக்குத் தம் நோக்கம் உள்ளிருந்து தெரிகிறது. வாங்குபவருக்குச் சொல்தான் வந்து சேர்கிறது, நோக்கம் வந்து சேர்வதில்லை.

சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. ஆனால் வேண்டுமென்று தொட்டிருந்தால்தான் அது பொருந்தும். தவறிப் பட்டதற்குத் தண்டனை இல்லை. அன்று சாய்ந்த சிப்பாயை நிமிர்த்தி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம். கேலியில் இந்தச் சலுகை கிடையாது. தவறிப் பட்டாலும் பட்டதுதான்.

பிப்ரவரி 12

ஒரு திருத்தம், என்னுடையதை அன்று, நேற்று ஒருவர் சொன்னதை. எழுத்தில் கேலி செய்தால் பாதிப் பேருக்குப் புரியாது என்றும், நெருங்கியவர்களுக்கு மட்டும் புரிந்துவிடும் என்றும், அதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது என்றும் அவர் எழுதியிருந்தார். அவர் நினைப்பது குரூகர் குழுவினரின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரையாக இருக்க வேண்டும். அதில் சில வாக்கியங்களைக் குத்தலாகவும் சிலவற்றை நேராகவும் சொல்லச் செய்து, பெறுபவர் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்தார்கள். சொன்னவர்கள் நூற்றுக்கு 78 சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வந்துவிடும் என்பதை நினைவில் வைத்தால் அந்த 56 எவ்வளவு இளைத்தது என்பது தெரியும்.

அவருடைய இரண்டாவது செய்தியோ நேர்மாறானது. நண்பர்கள் அனுப்பியதைப் படித்தவர்கள், அறியாதவர்கள் அனுப்பியதைப் படித்தவர்களைவிடச் சிறப்பாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. எனக்கு இதில் வியப்பில்லை. நெருங்கியவர் என்பதாலேயே நாம் விளக்கமாகச் சொல்வதை விட்டுவிடுகிறோம், 'அவருக்குத் தெரியாதா' என்று.

பிப்ரவரி 12, சற்றுப் பின்

மேலே இருப்பதைப் படித்துவிட்டு மருத்துவர், 'கேலியைப் பற்றி இவ்வளவு எழுதியும் ஒரு வரியில்கூடச் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்வது தனித் திறமை' என்கிறார். அவர் கடைசியாக வென்றது எப்போது என்று நினைவுகூர்ந்துகொண்டிருக்கிறேன். கிடைத்ததும் பதில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 13

மேலதிகாரி கேலி செய்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இது கொஞ்சம் வேறு விஷயம், ஆனால் வெகு தூரம் இல்லை. ராட்கிளிஃப்-பிரவுனின் இரண்டாம் வகைதான் இது. அதிகாரி திருப்பித் தர அனுமதித்தாலும், எவ்வளவு திருப்பித் தரலாம் என்ற அளவை அவரே வைத்திருக்கிறார். உளவியலாளர் டேக்கர் கெல்ட்னர் 1998இல் மாணவர் சங்கம் ஒன்றில் செய்த ஆய்வு இதற்குப் பொருந்தும். நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு முதலெழுத்துகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து மற்றவருக்குப் பட்டப்பெயர் கட்டி, அதற்கு ஒரு கதையும் சொல்லச் சொன்னார். நான்கு பேரில் இருவர் மூத்தவர்கள், இருவர் புதிதாகச் சேர்ந்தவர்கள். மூத்தவர்களின் கேலியில்தான் காரம் மிகுதி. கெல்ட்னர் சொல்லாவிட்டாலும் நமக்கு இது தெரியும் என்பீர்கள்; தெரியும்தான், ஆனால் பட்டம் கட்டும் விளையாட்டை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் கேலி செய்ய இடம் கொடுத்த சமுதாயங்களும் உண்டு. பெரும்பாலும் ஒருநாள் மட்டும். உரோமானியப் படைத்தலைவர்கள் வெற்றி ஊர்வலம் வரும்போது அவர்களுடைய வீரர்களே பின்னால் நடந்து தலைவனைக் கிண்டல் செய்து பாடுவார்கள். கி.மு. 46இல் சீசரின் ஊர்வலத்தில், 'நகரத்தாரே, மனைவியரைப் பூட்டிவையுங்கள், வழுக்கைத்தலைக் காமுகனை அழைத்து வருகிறோம்' என்ற பொருளில் பாடினார்கள் என்று உரோமானிய வரலாற்றாசிரியர் சூடோனியஸ் எழுதுகிறார். சீசருக்கு வழுக்கை பற்றிப் பெரிய கூச்சம் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். பெண்களைப் பற்றிய வரி சீசருக்கு உள்ளூர இனித்திருக்கும். வழுக்கையைப் பற்றிய ஒரு சொல்தான் உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். கடைவிரித்ததும் விரிக்காததும் என்று 9ஆம் தேதி எழுதினேனே, ஒரே பாட்டுக்குள் இரண்டும் இருக்கின்றன.

பிப்ரவரி 15

ஒரு விலகல். கேலி மனிதனுக்கு மட்டும் உரியது என்று யாரோ போகிறபோக்கில் எழுதியிருப்பதால் சொல்கிறேன். மானிடவியலாளர் கிரிகரி பேட்சன் 1952இல் விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் இளங்குரங்குகள் சண்டையிடுவதுபோல் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, 'இது விளையாட்டு' என்ற செய்தியை அவை ஒன்றுக்கொன்று எப்படியோ சொல்லிக்கொள்கின்றன என்று வாதிட்டார். 2024இல் வெளியான வேறோர் ஆய்வு போனோபோ, சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் ஆகிய நான்கிலும் சீண்டல் நடத்தைகள் பதினெட்டைப் பிரித்துக் காட்டுகிறது: முடியை இழுப்பது, குத்திவிட்டு ஓடுவது, ஒன்றை நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது போன்றவை. கடைசியதைக் கைக்குழந்தைகள் எட்டு மாத அளவிலேயே செய்யத் தொடங்குகின்றன. பேச்சு வருவதற்கு முன்பே கேலி வந்துவிடுகிறது.

எனக்கு அதில் நின்றுபோனது ஒரே ஒரு செய்தி: சீண்டிய குரங்கு உடனே, சீண்டப்பட்டதன் முகத்தைப் பார்க்கிறது. பார்த்துவிட்டுத்தான் மீண்டும் சீண்டுகிறது. ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்களா என்று கண்ணை ஓட்டுகிற நண்பர்கள் நமக்கெல்லாம் உண்டு. அவர்கள் நம்மோடு விளையாடவில்லை. நம்மை வைத்து விளையாட்டுக் காட்டுகிறார்கள். மணிக்கட்டு நிகழ்ச்சியிலும், அந்த நெருங்கிய நண்பர் சொல்லி முடித்ததும் எங்கள் பக்கம்தான் திரும்பினார். விலகல் என்று தொடங்கினேன், விலகலாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 18

திக்குவாய் உள்ள வாசகர் ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். தம் நண்பர்கள் எல்லாவற்றையும் கேலி செய்துகொண்டு, தம் பேச்சை மட்டும் தொடாமல் சுற்றிப் போவதைப் பார்க்கும்போது, கண்ணாடிப் பாத்திரத்தைப் போலத் தம்மைத் தனியே எடுத்து வைத்துவிட்டதாகத் தோன்றுகிறது என்கிறார். 'நீங்கள் வகுத்த எல்லை எனக்குக் காவல் அன்று, வேலி' என்று முடித்திருக்கிறார்.

இதற்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லாததால் இரண்டு நாள் எழுதவில்லை. அவர் சொல்வது சரி என்றால், தொடக்கூடாதவை என்று நான் பிரித்து வைத்ததே ஒருவகையில் இகழ்ச்சியாகிறது. ஆனால் தியானானந்தர் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டதும் என் கண்முன்னே நடந்தது. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால், தொடலாமா கூடாதா என்பதை அந்தப் பொருளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரே திக்குவாய் ஒருவருக்குக் கடைவிரித்ததாகவும் இன்னொருவருக்குப் பூட்டி வைத்ததாகவும் இருக்கலாம். அவருக்கேகூட இந்த ஆண்டு ஒன்றாகவும் அடுத்த ஆண்டு வேறாகவும் இருக்கலாம். 9ஆம் தேதிக் குறிப்பை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் பட்டியல் போட்டு ஒட்டிவைக்கக்கூடிய விதியாக யாரும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 21

இதைத் தியானானந்தரிடமே கேட்டுவிட்டேன். அதற்கு முன்பே அவர் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்: போன வாரம் குதிரையை நகர்த்தும்போது கை ஆடியதும், அவரே, 'என் குதிரை நடந்து வருவதில்லை, நடனமாடி வருகிறது' என்றார். எல்லோரும் சிரித்தோம். மருத்துவர் எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். ஆட்டம் முடிந்து காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, இனி நாங்களும் அதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன்.

வழக்கம்போல் நெடுநேரம் யோசித்தார். 'பேசலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் வெள்ளைக்காய் எப்போதும் எனக்குத்தான். முதல் நகர்வு நான் செய்வேன். நான் நகர்த்தாத நாளில் பலகையே விரிக்காதீர்கள்' என்றார்.

பிப்ரவரி 22

முதல் கூற்றை எழுதியவர் திரும்பி வந்திருக்கிறார். எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதாகவும், ஆனால் எல்லை எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தால் கேலியின் வேகமே போய்விடும் என்றும் சொல்கிறார். அது நியாயமான குறை. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் ஒரே ஒரு விஷயத்துக்காக ஒரே ஒரு முறை கேட்டோம். மற்றதெல்லாம் முகத்தைப் பார்த்தே நடக்கிறது, சில வேளை தவறாகவும் நடக்கிறது.

'அவர் ஒருபோதும் முதல் நகர்வைச் செய்யாவிட்டால்?' என்றும் கேட்கிறார். செய்யாவிட்டால் அந்த ஆட்டம் இல்லை, அவ்வளவுதான். கேலிக்குச் சரக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். இப்போது தியானானந்தர்தான் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒரு யானையை நகர்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இந்தக் குறிப்பு முழுவதையும் எழுதினேன். இன்னும் நகர்த்தவில்லை.